மழைச் சத்தம் கேட்டதும் அவள் ஏன் எழுந்து நிற்கிறாள்?

கடலூர்ப் பக்கம் பள்ளிகளுக்கு உளவியல் ஆலோசகராகப் போய் வருகிறேன். ஃபெஞ்சல் புயலுக்கு அடுத்த மழைக்காலத்தில், தென்பெண்ணைக் கரையோரப் பள்ளி ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியை போன் செய்தார். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பற்றி. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"நல்லாப் படிக்கிற பொண்ணு மேடம். மழை பெய்ய ஆரம்பிச்சாப் போதும், எழுந்து எழுந்து ஜன்னலுக்குப் போறா. உட்காருன்னா முறைக்கிறா. திமிர் வந்துடுச்சு."

நேரில் போய்ப் பேசினேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில், சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் ஆற்றில் பெருகி வந்தபோது, அவள் குடும்பம் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஓர் இரவு முழுக்க இருந்திருக்கிறது. அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. "தண்ணி வரும்னு நான் நினைக்கவே இல்ல மிஸ். சத்தம் கேட்டா கால் தானா எந்திரிச்சுடுது" என்றாள்.

அந்தத் 'தானா' என்ற சொல்லைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பத்தாம் வகுப்பு அறிவியலில் நரம்பு மண்டலம் ஒரு பாடமாகவே இருக்கிறது. பரிவு நரம்பு உடம்பை உசுப்பும், எதிர்ப்பரிவு நரம்பு அமைதிப்படுத்தும், இரண்டும் எதிரெதிராக வேலை செய்யும் என்று எழுதிப் பிள்ளைகள் மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். தன் நெஞ்சு படபடப்பதும் வயிறு கலக்குவதும் அதே பாடம்தான் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

மழைச் சத்தம் காதில் விழுகிறது. 'இது சாதாரண மழை' என்று யோசித்து முடிப்பதற்குள், மூளைக்குள் அமிக்டலா என்ற சின்னப் பகுதி ஆபத்து என்று முடிவு கட்டிவிடுகிறது. சிறுநீரகங்களுக்கு மேல் இருக்கும் சுரப்பிகளிலிருந்து அட்ரினலின் சில நொடிகளில் இரத்தத்தில் கலக்கிறது. குடலுக்குப் போக வேண்டிய இரத்தம் கை கால் தசைகளுக்குத் திரும்புகிறது. ஓடத் தயார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் ஊரில் சொல்வார்களே, அரண்ட உடம்புக்குக் கூரையில் விழும் தூறலும் வெள்ளம்தான். அந்தப் பெண்ணிடம் திமிர் இல்லை. ஒரு முறை அவளைக் காப்பாற்றிய உடம்பு, மறுபடியும் காப்பாற்றப் பார்க்கிறது.

வகுப்பில் இதை விளக்க நான் படம் எதுவும் காட்டுவதில்லை. மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடியைத் தேடச் சொல்வேன். கிடைத்தவுடன் ஒரே கூச்சல், அது அடங்கட்டும். அப்புறம் மூச்சை இழுக்கும்போது துடிப்பு எப்படி, மெதுவாக விடும்போது எப்படி என்று கவனிக்கச் சொல்வேன். இழுக்கும்போது கொஞ்சம் வேகமாகும், விடும்போது கொஞ்சம் நிதானமாகும். வளரும் வயதில் இந்த வித்தியாசம் விரலுக்கே தெரியும். மூளையிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பு, மூச்சை விடும்போது இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. எதிர்ப்பரிவு நரம்புகளில் முக்கியமானது அதுதான்.

ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி 1921-இல் வெளியிட்ட தவளைப் பரிசோதனையையும் சொல்வேன். ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளையின் இதயத்தில் விட்டார். நரம்பைத் தொடாமலே அதுவும் நிதானமானது. திரவத்தில் இருந்த அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். 1936-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. "அப்போ அமைதின்னா ஒரு கெமிக்கலா மிஸ்?" என்று ஒரு பையன் கேட்டான். பாதி சரி என்றேன். அந்த கெமிக்கல் சுரக்க என்ன வேண்டும் என்பது மீதிப் பாதி: பழகிய குரல், நிதானமான மூச்சு, நிறைந்த வயிறு, தூக்கம்.

தூக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். வளரிளம் வயதில் தூக்கம் வரும் நேரமே இயல்பாகத் தள்ளிப்போகிறது. அந்த வயதுப் பிள்ளையைக் காலை 5 மணி டியூஷனுக்கு எழுப்புவது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. அவர்களுக்கு 8 மணி நேரமாவது தூக்கம் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு வகுப்பெடுக்கும்போது மூச்சுப் பயிற்சியில் ஓர் எச்சரிக்கை சொல்வேன். எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லாதீர்கள். பயந்த பிள்ளைக்குக் கண்ணை மூடினால் பயம் கூடும். பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லலாம், குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவிவிட்டு வரச் சொல்லலாம். கோபத்தில் கத்திய பையனை அந்த நொடியே நிற்க வைத்து விசாரிக்காதீர்கள். கார்டிசால் என்ற ஹார்மோன் உச்சத்துக்குப் போகவே ஏறக்குறைய 20, 30 நிமிடம் ஆகும். அது இறங்க இன்னும் நேரம் வேண்டும். அந்த நேரத்தில் நெற்றிக்குப் பின்னால் இருந்து நியாயம் யோசிக்கும் மூளைப் பகுதி சரியாக வேலை செய்யாது. அது முழுதாக வளரவே இருபது வயதைத் தாண்டிச் சில வருடங்கள் ஆகும். அடுத்த பீரியடில் பேசுங்கள்.

ஒரு சனிக்கிழமைப் பயிற்சியில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தேவனாம்பட்டினத்தில் வளர்ந்த இளம் ஆசிரியை ஒருவர் எழுந்தார். 2004 டிசம்பர் 26 அன்று அவருக்கு ஏழு வயது. "இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு மேடம். ராத்திரி அலைச் சத்தம் கொஞ்சம் கூடினா, இன்னும் செருப்பைத் தேடுறேன்." அறையில் யாரும் பேசவில்லை. அப்புறம் இன்னொருவர் 2011 தானே புயலில் ஓடு பறந்ததைச் சொன்னார். இந்த ஊரில் டிசம்பர் மாதம் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, அவர்கள் முன்னால் நிற்பவர்களுக்கும் உடம்பில் இருக்கிறது. ஆசிரியரின் குரல் இறுகினால் வகுப்பே இறுகும். 'பயப்படாதே' என்ற சொல் போய்ச் சேர்வதற்கு முன், சொல்பவரின் முகத்தையும் குரலையும் பிள்ளை படித்துவிடும். அதனால்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை ஆசிரியர்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

மூச்சும் தண்ணீரும் எல்லாவற்றுக்கும் போதாது. கெட்ட கனவு, சாப்பிட மறுப்பது, பள்ளிக்கு வரவே பயப்படுவது எல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

அந்த மாணவிக்கு நாங்கள் செய்தது சின்ன விஷயம். அவள் இடத்தைக் கதவோரத்துக்கு மாற்றினோம். மழை பிடித்தால் ஆசிரியை பாடத்தை நிறுத்தி, "ஆத்துல தண்ணி கீழதான் இருக்கு, காலையில பார்த்துட்டு வந்தேன்" என்கிறார். நிஜமாகவே பார்த்துவிட்டுத்தான் வருகிறார். அவள் இன்னும் எழுந்து நிற்கிறாள். கடைசியாகப் பெய்த மழைக்கு இரண்டு முறைதான் ஜன்னலுக்குப் போனாளாம்.