மழைக்குச் சிக்காத தூசி

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 2022 டிசம்பரில் ஒரு நாள் காலை கடற்கரைக்குப் போனாராம். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை இருக்கவேண்டிய இடத்தில் பழுப்பாக ஏதோ ஒரு நிழல்தான் தெரிந்ததாம். "பனி என்று நினைத்தோம். காற்று மாசு என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். ஆனால் முந்தின இரவு தூறல் விழுந்ததே! மழை காற்றைக் கழுவிவிடும் என்றுதானே படித்தோம்?"

கடைசி வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அந்த நாட்களில் மாண்டஸ் புயல் நமக்குக் கிழக்கே வங்கக் கடலில் நின்றது. பூமியின் வட பாதியில் புயல்கள் இடஞ்சுழியாகச் சுற்றும். அப்படியென்றால் புயலுக்கு மேற்குப் பக்கம் இருப்பவர்களுக்குக் காற்று வடக்கிலிருந்து வரும். வட இந்தியாவின் குளிர்காலப் புகை, அதாவது விறகு, நிலக்கரி, வாகனம், வயல் எரிப்பு எல்லாம் கலந்தது, அந்தக் காற்றோடு இறங்கி வந்தது. டிசம்பர் 9ஆம் திகதி நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டன. அதே நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் குளிர் தாங்காமல் மாடுகள் செத்து விழுந்தன. உடனே விஷப்புகை என்றும் கண்ணூறு என்றும் குரல்பதிவுகள் பறந்தன. எனக்கே ஐந்தாறு வந்தன.

சரி, மழைக்கு வருவோம்.

மைக்கிரோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்கிரோமீற்றர். செய்தியில் சொல்லும் பிஎம் 2.5 என்பது 2.5 மைக்கிரோமீற்றருக்கு உட்பட்ட துணிக்கைகள். இப்போது காற்றே அசையாத ஒரு நாளில், ஒரு கிலோமீற்றர் உயரத்திலிருந்து மூன்று துணிக்கைகளைக் கீழே விடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 10 மைக்கிரோமீற்றர் உள்ளது நான்கு நாளில் தரைக்கு வந்துவிடும். 1 மைக்கிரோமீற்றர் உள்ளதற்கு ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் குறைய எடுக்கும். 0.1 மைக்கிரோமீற்றர் உள்ளது? முப்பது வருடத்துக்கு மேல்! அளவு சிறுக்கச் சிறுக்க விழும் வேகம் அதைவிடப் பல மடங்கு குறைகிறது. ஆகவே தானாக விழும் என்று காத்திருந்து பயனில்லை.

மழைத்துளி வந்து இடித்துக்கொண்டு போகாதா? 1957இல் ஸ்ரான்லி கிறீன்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் இதைத்தான் கணக்குப் போட்டார். அணுகுண்டுச் சோதனைகள் நடந்துகொண்டிருந்த காலம். வானத்தில் மிதக்கும் கதிரியக்கத் தூசியை மழை எவ்வளவு கழுவும் என்பது அவருடைய கேள்வி. கிடைத்த விடை விசித்திரமாக இருந்தது. பெரிய துணிக்கைகளை மழை நன்றாகப் பிடிக்கிறது. மிக மிகச் சிறியவற்றையும் பிடிக்கிறது. இரண்டுக்கும் நடுவில், 0.1 முதல் 1 மைக்கிரோமீற்றர் வரை உள்ளவை மட்டும் தப்பிவிடுகின்றன. வரைபில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. அதற்குக் கிறீன்ஃபீல்ட் இடைவெளி என்றே பெயர் வந்துவிட்டது.

ஏன் இப்படி? இரவில் நிலாவெளி வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடியவர்களைக் கேளுங்கள். வண்டு நேரே வந்து நெற்றியில் அடிக்கும். முன்னால் போகிற லொறியின் புகை அப்படி அடிப்பதில்லை, காற்றோடு சேர்ந்து முகத்தைச் சுற்றி வளைந்து போய்விடும். விழுகிற மழைத்துளியும் தனக்கு முன்னால் உள்ள காற்றை இரண்டு பக்கமும் விலக்கிக்கொண்டுதான் இறங்குகிறது. பாரமான துணிக்கைக்குச் சட்டென்று திரும்ப முடியாது, துளியில் போய் மோதும். இலேசானது காற்றோடு வளைந்து நழுவிவிடும்.

அப்படியானால் மிகச் சிறியவை இன்னும் சுலபமாக நழுவ வேண்டுமே? அங்கேதான் இன்னொரு விஷயம் குறுக்கிடுகிறது. காற்று மூலக்கூறுகள் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஓயாமல் இடித்துக்கொண்டிருக்கின்றன. 0.01 மைக்கிரோமீற்றர் துணிக்கை தேர்த்திருவிழாக் கூட்டத்தில் அகப்பட்ட சின்னப்பிள்ளை மாதிரி, இடிபட்டு இடிபட்டுக் கண்ட பக்கம் எல்லாம் அலையும். அலைகிற அலைச்சலில் துளியிலோ இன்னொரு துணிக்கையிலோ போய் ஒட்டிவிடும். நடுத்தரத் துணிக்கையோ அந்த இடிக்கு அசையாத ஆள், ஆனால் நேராகப் போய் மோதுகிற அளவுக்குப் பாரமும் இல்லை. இரண்டு பொறிகளுக்கும் தப்பிய ஒரே சாதி இதுதான். எத்தனை தரம் படித்தாலும் இந்த இடம் எனக்கு அலுப்பதில்லை.

இதே பள்ளம் முகக்கவசத்திலும் இருக்கிறது. என்95 கவசத்தை 0.3 மைக்கிரோமீற்றர் அளவுத் துணிக்கைகளால் சோதிப்பது அதனால்தான். பிடிப்பதற்கு மிகவும் கடினமான அளவு அதை ஒட்டியது என்று வைத்தே அதைத் தேர்ந்தார்கள். நார்களில் மின்னேற்றம் கொடுத்து, இழுத்துப் பிடிக்கச் செய்கிறார்கள். அதைச் சவர்க்காரம் போட்டுத் துவைத்துக் கொடியில் காயவிட்டால் மின்னேற்றம் போய்விடும், துணிதான் மிஞ்சும்.

அப்போ இந்தத் துணிக்கைகள் எப்படித்தான் தொலைகின்றன? கழுவப்பட்டு அல்ல, மழையாகவே பிறந்து. ஸ்கொட்லாந்துக்காரர் ஜோன் எய்ற்கின் 1880ஆம் ஆண்டளவில் பஞ்சால் வடித்த காற்றுக்குள் நீராவியை விட்டுப் பார்த்தார். மூடுபனி உண்டாகவில்லை. சாதாரணக் காற்றில் உடனே உண்டானது. நீராவி துளியாவதற்குப் பிடித்துக்கொள்ள ஒரு தூசி வேண்டும். முகிலுக்குள் ஏறிய நடுத்தரத் துணிக்கை துளிக்குக் கருவாகி, மழையோடு இறங்கிவிடுகிறது. முகிலுக்குக் கீழே நம் மூக்கு மட்டத்தில் மிதப்பதற்கு அந்த வாய்ப்பு இல்லை. தூறலால் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு விடை இதுதான். தூறல் அந்தத் துணிக்கைகளுக்கு நடுவே சும்மா விழுந்து போனது.

தூறல் காட்சியை இன்னும் மோசமாக்கியிருக்கவும் கூடும். வாடைக்காற்று நாட்களில் குசினியில் உப்புப் போத்தலைப் பாருங்கள், கசிந்து கட்டிபட்டிருக்கும். காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பும் புகையிலுள்ள சல்பேற்று என்ற கந்தக உப்பும் காற்றிலேயே இப்படி ஊதிப் பெருத்து ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கின்றன. மாசு அதேதான், மலை மட்டும் இன்னும் மறைகிறது.

புதிய புகைக்கரிக்கு இந்தக் குணம் இல்லை. அதற்கு நீர் பிடிக்காது. சில நாள் அலைந்து, மேலே சல்பேற்றுப் பூச்சு ஏறிய பிறகுதான் முகிலுக்குள் சேரும். அதுவரை கடல் தாண்டிப் பயணம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்திரன் ராமநாதனும் நோபல் பரிசு பெற்ற போல் குருட்சனும் தலைமை தாங்கிய இண்டோயெக்ஸ் என்ற இந்து சமுத்திர ஆய்வு, 1999 தொடக்கத்தில் இதைக் கப்பலிலும் விமானத்திலும் போய் அளந்தது. மாலைதீவின் காசிதூ தீவில் ஓர் அவதான நிலையம் அமைத்தார்கள். தெற்காசியாவிலிருந்து கிளம்பிய பழுப்புப் புகைமூட்டம் ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் உயரம் வரை நிறைந்து, வட இந்து சமுத்திரத்தின் பெரும்பகுதியை மூடிக் கிடந்தது. கடற்காற்று என்றால் சுத்தம் என்ற நம் நம்பிக்கை அன்றோடு போயிற்று.

இங்கே கொஞ்சம் கோபப்பட அனுமதியுங்கள். இப்படியான அளவீட்டுக்கு இடைவிடாத கவனிப்பு வேண்டும். நான் படித்த இடத்தில் ஒரு கருவியை நாடா வெட்டித் திறந்தார்கள், படம் எடுத்தார்கள். வடிதாள் வாங்கக் காசில்லை என்று இரண்டு வருடம் அது துணி போர்த்தியபடி இருந்தது. கருவிக்குக் கிடைக்கும் பணம் அதைப் பார்க்கும் ஆளின் சம்பளத்துக்குக் கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, யாகப்புகை காற்றைச் சுத்தம் செய்யும் என்று படித்தவர்களே மேடையில் சொல்கிறார்கள். பக்திக்குச் செய்யுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் அந்தப் புகையும் கிறீன்ஃபீல்டின் பள்ளத்துக்குள் விழுகிற அளவுதான்.

பனியையும் புகையையும் எப்படிப் பிரித்தறிவது என்றும் அந்த வாசகர் கேட்டிருந்தார். பனி வெள்ளையாக இருக்கும், வெயில் ஏறக் கலையும். ஒன்பது மணிக்குப் பிறகும் சுவாமி மலை பழுப்பாக மங்கிக் கிடந்தால் யன்னலைச் சாத்துங்கள். சாத்தின அறைக்குள் நுளம்புத்திரியைக் கொளுத்தி வைக்காதீர்கள்.