ஜீவனாம்சம்: பிழைப்புக்கான பங்கு

விவாகரத்து ஆன பிறகு கணவன் மனைவிக்குக் கொடுக்கும் பணம் என்றுதான் பலரும் ஜீவனாம்சத்துக்குப் பொருள் வைத்திருக்கிறார்கள். அது பாதிதான் சரி. வழக்கு முடிவதற்கு முன்பே, இருவரும் பிரிந்திருக்கும் அந்த இழுபறி மாதங்களுக்காகவும் கேட்கலாம். அதுதான் இடைக்கால ஜீவனாம்சம்.

சொல் வடமொழியிலிருந்து வந்தது. ஜீவனம் என்றால் பிழைப்பு. ‘ஏதோ ஜீவனம் நடக்கிறது’ என்கிறோமே, அதே ஜீவனம். அம்சம் என்றால் பங்கு. ‘அம்சமாக இருக்கிறாள்’, ‘சிறப்பம்சம்’ என்று அந்தச் சொல் இன்று வேறு பக்கம் போய்விட்டது. ஆனால் ஜோதிடர் நவாம்சம் என்னும்போது பழைய பொருள்தான் நிற்கிறது: ராசியை ஒன்பதாகப் பகுத்ததில் ஒரு பங்கு. ஆக ஜீவனாம்சம் என்பது பிழைப்புக்கான பங்கு. ‘மாசாமாசம் தண்டம் அழுகிறேன்’ என்று சிலர் சொல்லும்போது எனக்கு மனசு வலிக்கும். பங்கு வேறு, தண்டம் வேறு.

இந்து திருமணச் சட்டம், 1955-இன் 24-ஆம் பிரிவு இந்த இடைக்கால உதவியைச் சொல்கிறது. போதிய சொந்த வருமானம் இல்லாத மனைவி மட்டுமல்ல, கணவனும் கேட்கலாம். மாதத் தொகையோடு வழக்குச் செலவும் சேரும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து இயன்றவரை 60 நாளில் மனுவை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நிரந்தர ஜீவனாம்சம் 25-ஆம் பிரிவில் வருகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பராமரிப்புத் தொகை என்று எழுதுகிறார்கள். பொருள் புரிகிறது, ஆனால் கட்டடத்துக்கும் வண்டிக்கும்கூட பராமரிப்பு உண்டு. இலங்கைத் தமிழர் தாபரிப்பு என்பார்கள். தாங்கிக் காப்பது என்ற பொருள் அதில் இருக்கிறது. வாழ்வூதியம் கேட்க அழகுதான், ஆனால் இன்றைய காதுக்கு ஊதியம் சம்பளமாக ஒலிக்கிறது. நான் வாழ்வுப் பங்கு என்பேன். அம்சத்தின் பொருள் அதில் அப்படியே தங்குகிறது. இடைக்காலத்துக்கு இடைக்கால வாழ்வுப் பங்கு.

அப்புறம், வீடு. பணத்தை விட அவசரமானது அதுதான். கையில் ஒரு பை, இடுப்பில் குழந்தை என்று வாசலில் நிற்பவளுக்கு அடுத்த மாதத் தொகை அன்றிரவு உதவாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்கும் உரிமையை 17-ஆம் பிரிவில் தருகிறது. பத்திரத்தில் அவள் பெயர் இருக்க வேண்டியதில்லை. மாமனார் பெயரிலுள்ள வீடும் அதில் அடங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்னது. இதைக் குடியிருப்புரிமை என்பதே பொருத்தம்: இருக்க உரிமை, விற்க அல்ல. அங்கே இருக்க முடியாத நிலை என்றால், அதே தரத்தில் வேறு வீடு பார்த்துத் தரவோ வாடகை கட்டவோ நீதிமன்றம் உத்தரவிடலாம்.