பழைய குரலை ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்?

கல்லூரியில் என்னோடு வேலை பார்க்கும் நண்பருக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. ஒருநாள் அவர் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தகரக் குழாய்க்குள் மாட்டிக்கொண்ட வண்டு கத்துவதுபோல் அவருடைய மடிக்கணினியிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளின் குரல் அது. எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவர் விரல் சட்டென்று நின்றது. "ரெண்டாவது பத்தியில தேதி தப்பா இருக்கு சார்" என்றார். நான் அதே சுற்றறிக்கையைக் கண்ணால் படித்துக்கொண்டிருந்தேன். முதல் பத்தியையே இன்னும் முடிக்கவில்லை.

போன மாதம் அவருக்குப் புது மடிக்கணினி வந்தது. அதோடு புதிய குரல்களும் வந்தன. செய்தி வாசிப்பவரைப் போல ஏற்ற இறக்கத்தோடு, சொற்களுக்கு நடுவே மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும் குரல்கள். நான் அசந்துபோனேன். அவர் அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பழைய தகரக் குரலுக்கே திரும்பிவிட்டார். "நல்லாத்தான் பேசுறான் சார். ஆனா அவன் பேசி முடிக்கிற வரைக்கும் நான் உக்காந்திருக்கணுமே?"

பழக்க தோஷம் என்று இதை ஒதுக்கிவிடுவது சுலபம். அந்தக் குரல் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் அப்படி ஒதுக்க மனம் வராது.

நாம் பேசும்போது குரல்நாண்கள் அதிர்ந்து ஒரு ரீங்காரத்தைத் தருகின்றன. வாயும் நாக்கும் உதடும் அந்த ரீங்காரத்தில் சில அலைவரிசைகளைத் தூக்கிக் காட்டி, மற்றவற்றை அமுக்கிவிடுகின்றன. மோர்சிங் கேட்டவர்களுக்கு இது உடனே விளங்கும். அதன் இரும்பு நாக்கு எப்போதும் ஒரே சுருதியில்தான் அதிர்கிறது. வாசிப்பவர் வாய்க்குள்ளிருக்கும் இடத்தின் வடிவத்தை மாற்ற மாற்ற வேறுவேறு ஒலிகள் எழும்புகின்றன. ஆண் குரலில் 'ஆ' என்றால் ஏறத்தாழ 700 ஹெர்ட்ஸிலும் 1100 ஹெர்ட்ஸிலும் ஒலி ஓங்குகிறது. 'ஈ' என்றால் 300 பக்கமும் 2300 பக்கமும். இந்த முகடுகளுக்கு ஃபார்மன்ட் என்று பெயர்.

முகடுகள் எங்கே இருக்க வேண்டும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படி நகர வேண்டும் என்பதற்கு விதிகள் எழுதிவிட்டால், மனிதக் குரலைப் பதிவு செய்யாமலே கணினியைப் பேச வைக்கலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டென்னிஸ் கிளாட் இதைச் செய்து காட்டினார். அவருடைய ஆராய்ச்சிதான் 1980களில் டெக்டாக் என்ற பேசும் பெட்டியாக வந்தது. கிளாட் தம் சொந்தக் குரலை மாதிரியாக வைத்து உருவாக்கிய குரலைத்தான், பேச முடியாமல் போன இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் கடைசிவரை வைத்திருந்தார். மேம்பட்ட குரல்கள் எத்தனையோ வந்தும் அவர் மாறவில்லை. பார்வையற்றோர் நடுவே புகழ்பெற்ற எலோக்வென்ஸ், ஈஸ்பீக் என்ற குரல்களும் இதே ஃபார்மன்ட் வகையைச் சேர்ந்தவைதான்.

விதியால் பிறக்கும் குரலுக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. மூன்று மடங்கு வேகம் கேட்டால் முகடுகளை மூன்று மடங்கு விரைவாக நகர்த்தும், அவ்வளவுதான். மெய்யெழுத்துகளின் விளிம்பு மழுங்காது. ஒருவர் பேசியதைப் பதிவு செய்து, துண்டாக்கி ஒட்டும் குரலில் வேகத்தைக் கூட்டினால் ஒட்டுகள் பிதுங்கத் தொடங்கும். நரம்பணுப் பின்னல் (நியூரல் நெட்வொர்க்) முறையில் பயிற்சி பெற்ற இன்றைய குரல்கள் சாதாரண வேகத்தில் சொக்க வைக்கும். ஆனால் அவை மனிதர் பேசும் வேகத்தில் பதிவான பேச்சைக் கேட்டுப் பழகியவை. வாக்கியத்தின் போக்கைப் பார்த்து ஒரே சொல்லை இடத்துக்கு இடம் வேறு மாதிரி உச்சரிக்கும். கதை கேட்பதற்கு அது அழகு. பிழை திருத்த உட்கார்ந்தவருக்கு, அதே சொல் எப்போதும் அதே ஒலியோடு வர வேண்டும். அப்போதுதான் ஓர் எழுத்து பிசகினாலும் காது துள்ளும்.

ஆங்கிலத்தில் ஒருவர் இயல்பாகப் பேசும்போது நிமிடத்துக்கு 150 முதல் 180 சொற்கள் வரும். பழகிய பார்வையற்றோர் பலர் 400, 500 என்று கேட்கிறார்கள். ஜெர்மனியின் டூபிங்கன் நகர ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். பார்வையுள்ளவர்கள் நொடிக்கு எட்டு அசைகளைத் தாண்டினாலே திணறும்போது, பயிற்சி பெற்ற பார்வையற்றோர் சிலர் 22 அசைகள் வரை புரிந்துகொண்டார்கள். அந்த நேரத்தில் அவர்களுடைய மூளையின் பின்பக்கத்தில், பார்வைக்கென்று உள்ள பகுதியும் வேலை செய்தது ஸ்கேனில் தெரிந்தது. என் நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "நான் வாசிக்கிறேன்னுதானே சொல்றேன், கேக்குறேன்னா சொல்றேன்?" என்றார்.

இப்படிப் பல ஆண்டுகள் செதுக்கிய காதிடம் "குரலை மாற்று" என்று சொன்னால், வாசிப்பவரிடம் கையெழுத்துப் புரியாத புது நோட்டைக் கொடுத்தது போலாகும். முதல் சில வாரங்கள் வேகம் பாதியாகிவிடும். அலுவலகக் கெடு மட்டும் பாதியாகாது.

வேகத்தோடு இன்னொன்றும் வேண்டும்: உடனடிப் பதில். கீழ் அம்புக்குறியை அழுத்தியதும் சொல் வந்தாக வேண்டும். கன்ட்ரோலைத் தொட்டதும் வாய் மூட வேண்டும். பட்டியலில் இறங்கும்போது முதல் அசையைக் கேட்டதுமே அடுத்ததற்குப் போய்விடுவார்கள். இங்கேதான் புளூடூத் ஹெட்போன் காலை வாரும். சற்று அமைதி விழுந்தால் மின்சாரம் மிச்சப்படுத்த அது தூங்கிவிடுகிறது. விழித்தெழுவதற்குள் முதல் அசை போய்விடும். 'செலுத்தாத' என்ற சொல்லின் தலையை வெட்டினால் என்ன மிஞ்சும் என்று நினைத்துப் பாருங்கள். நண்பர் இன்னும் ஒயர் வைத்த ஹெட்போனோடு இருப்பதற்கு இதுதான் காரணம். அவர் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடரான என்விடிஏவின் அண்மைக்காலப் பதிப்புகளில், ஒலிக்கருவியைத் தூங்கவிடாமல் வைத்திருக்க ஓர் அமைப்பே சேர்த்திருக்கிறார்கள்.

விரல்களின் கதையும் இதுதான். திரை தெரியாதவருக்கு மவுஸால் பயனில்லை, எல்லாமே விசைப்பலகைதான். மேசைக்கணினி விசைப்பலகையின் வலப்பக்க எண்பலகையை என்விடிஏ வாசிப்புக் கருவியாகவே மாற்றிவிடுகிறது. 7, 8, 9 அழுத்தினால் முந்தைய வரி, இந்த வரி, அடுத்த வரி. 4, 5, 6 சொல்லுக்கு. 1, 2, 3 எழுத்துக்கு. நடுவில் 5-இன் மேல் ஒரு சிறு மேடு இருக்கும். விரல் அங்கே போய் நின்றால் போதும், மற்ற எட்டும் தாமாகத் தெரியும். எஃப், ஜே விசைகளிலும் அதே மேடுதான் வழிகாட்டி. பழைய பலகைகளில் எஃப்1 முதல் எஃப்12 வரை நான்கு நான்காகப் பிரித்து நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த இடைவெளியைக் கண்ணுள்ளவர்கள் கவனித்திருக்கவே மாட்டோம். அவருக்கு அது கைகாட்டி மரம்.

சின்ன மடிக்கணினியில் எண்பலகை இருக்காது, இடைவெளியும் இருக்காது. நண்பருடைய புது மடிக்கணினியில் டெலீட் விசை ஒரு கட்டம் தள்ளிப்போய், அதன் பக்கத்தில் பவர் பட்டன் உட்கார்ந்திருந்தது. முதல் நாளே எழுதிக்கொண்டிருந்த கேள்வித்தாளுக்கு நடுவில் கணினி உறங்கிவிட்டது. 2016இல் ஆப்பிள் தன் மேக்புக் ப்ரோவில் எஸ்கேப் விசையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வழுவழுப்பான தொடுபட்டையை வைத்தது. 2019இல் எஸ்கேப் மறுபடி விசையாக வந்தது. 2024 முதல் பல விண்டோஸ் மடிக்கணினிகளில் வலப்பக்க கன்ட்ரோலோ மெனு விசையோ இருந்த இடத்தில், மைக்ரோசாஃப்டின் செயற்கை நுண்ணறிவு உதவியாளரைத் திறக்கும் கோபைலட் விசை முளைத்திருக்கிறது. வடிவமைப்பாளருக்கு ஒரு விசை. இருபது ஆண்டுகளாக அந்த இடத்தில் மெனுவைத் திறந்த விரலுக்கு, இரவோடு இரவாகக் கதவை இடம் மாற்றிவிட்ட வீடு.

தமிழில் வேலை செய்பவருக்குச் சிக்கல் இன்னும் ஒரு சுற்று கூடுதல். எலோக்வென்ஸுக்குத் தமிழ் தெரியாது. அதனால் ஆங்கிலத்துக்கு ஒரு குரல், தமிழுக்கு ஈஸ்பீக் என்று மாறி மாறிக் கேட்கிறார்கள். 'அரம்', 'அறம்' இரண்டையும் வேகத்தில் சொல்லாகக் கேட்டால் வேறுபாடு காதில் நிற்பதில்லை. ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்துதான் பார்க்க வேண்டும். இதையெல்லாம்விடக் கொடுமை பாமினி எழுத்துரு. திரையில் 'அம்மா' என்று லட்சணமாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். ஸ்கிரீன் ரீடர் "எம் கே செமிகோலன் கே ஹெச்" என்று வாசிக்கும். தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே பதியும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே தரமாக ஏற்றது. இன்றும் பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் அவர் மின்னஞ்சலுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் மாற்றிவிட்டுத்தான் அவர் வாசிக்கத் தொடங்குகிறார். அந்த நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

புதிது என்றாலே பிடிக்காது என்பதும் உண்மையில்லை. 2014இல் ஐபோனின் கண்ணாடித் திரையிலேயே ஆறு விரல்களால் பிரெயில் புள்ளியெழுத்து அடிக்கும் வசதி வந்தபோது நண்பர் அதை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார். பள்ளியில் ஆறு விசைப் பெர்கின்ஸ் பிரெயிலரில் பழகிய விரல்களுக்கு அது சொந்த ஊர். 2022இல் ஆப்பிள் தன் ஐபோனில் எலோக்வென்ஸைச் சேர்த்த அன்று இரவு பத்தரைக்கு எனக்குப் போன் செய்தார். தகரக் குரலைப் பின்னணியில் ஓடவிட்டு, "கேக்குதா சார்?" என்று மட்டும் கேட்டார்.

புது மடிக்கணினிக்குத் தனியாக ஓர் எண்பலகை வாங்கிச் செருகியிருக்கிறார். விசைகளுக்கு, வீட்டில் கேட்டு வாங்கி வந்த கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டுகள்: எஃப்4-இல் ஒன்று, எஃப்8-இல் ஒன்று, டெலீட்டில் ஒன்று. நேற்றுப் பார்த்தபோது மற்ற இரண்டையும் உரித்துவிட்டிருந்தார். டெலீட்டின் மேல் இருக்கும் சிவப்புக் கல் மட்டும் அப்படியே இருக்கிறது.