மாடித் தோட்டத் தளை: அலுவலகம் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தொட்டியிலும் பையிலும் காய்கறி வளர்க்க, தமிழகத் தோட்டக்கலைத் துறை மானியத்தில் மாடித் தோட்டத் தளை (கிட், அதாவது தேவையான பொருள்களின் தொகுப்பு) தந்துவந்திருக்கிறது. ஆறு வளர்ப்புப் பைகள், 2 கிலோ தென்னை நார்க் கட்டிகள் ஆறு, ஆறு வகை விதை, உயிர் உரம், வேம்பு மருந்து எல்லாம் 2021-ல் தந்த தளையில் இருந்தன. ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு தந்தார்கள். திட்டம் இவ்வளவுதான். சிக்கல் வாங்கப் போகும்போதுதான்.

முதலில் விலை. 2021-ல் 900 ரூபாய்த் தளையை 225-க்குக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே மானியம் முக்கால் பங்கிலிருந்து அரைப் பங்காகக் குறைந்து, விலை 450 ஆனது. பழைய செய்தியை இன்னும் பகிர்கிறார்கள். அதை நம்பி 225 ரூபாயோடு போன முதியவர் ஒருவர் வெறுங்கையோடு திரும்பியதைப் பார்த்தேன். புதிய விலையை ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்ட எவ்வளவு நேரமாகும்? இந்த ஆண்டு தளை தருகிறார்களா, விலை என்ன, இருப்பு இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்தது, எந்த அலுவலகம். வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம் வேறு, தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம் வேறு. நீங்கள் போக வேண்டியது இரண்டாவதுக்கு. பலர் முதலாவதில் பாதி நாள் காத்திருந்த பிறகுதான் "இங்கே இல்லைங்க" என்ற பதில் வரும்.

இணையத்தில் பதிந்துவிட்டால் தளை வீடு தேடி வரும் என்று இருந்துவிடாதீர்கள். மாவட்டத்துக்கு ஒதுக்கிய எண்ணிக்கை தீர்ந்தால் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். பதிவு எண்ணைக் குறித்து வைத்து, நீங்களே கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆதார் நகலை வெறுமனே நீட்ட வேண்டாம். குறுக்கே 'மாடித் தோட்டத் தளைக்கு மட்டும்' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். உங்கள் பெயரில் வேறு யாரும் வாங்கிவிட்டுப் போகக் கூடாது. "நான் வாங்கித் தருகிறேன்" என்று இடையில் வருபவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

வாங்கியதும் அங்கேயே பிரித்துப் பாருங்கள். விதைப் பொட்டலத்திலும் உயிர் உரத்திலும் காலாவதித் தேதி இருக்கும். உயிர் உரத்தில் இருப்பவை உயிருள்ள நுண்ணுயிர்கள், நாள் கடந்ததைப் போட்டுப் பயனில்லை. மாற்றிக் கேளுங்கள். எண்ணிப் பார்த்த பிறகு பதிவேட்டில் கையெழுத்திடுங்கள்.

அப்புறம், நார்க் கட்டி. அதை அப்படியே பையில் நிரப்பி நட்டால் செடி வெளிறிப்போகும். அதில் உப்பு இருக்கலாம், சத்து மிகக் குறைவு. ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசி, மண்ணும் மக்கிய தொழு உரமும் கலந்தால்தான் செடி தேறும். பையின் அடியில் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் வேர் அழுகிவிடும்.

காரணம் சொல்லாமல் அலைக்கழித்தால் முதலமைச்சரின் உதவி மைய எண்ணான 1100-க்கு போன் செய்து புகார் எண் வாங்குங்கள். அதற்கும் அசையாவிட்டால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்: இந்த ஆண்டு எத்தனை தளை வந்தது, யார் யாருக்குப் போனது, என் விண்ணப்பம் எங்கே நிற்கிறது?