நிதி திரட்டும் ஏலத்தில் ஓவியம் எடுப்பவர்களுக்கும், அந்த ஏலத்தை நடத்துபவர்களுக்கும்

சமூகக் கலை அருங்காட்சியகங்களின் வருடாந்திர நிதி திரட்டும் ஏலங்கள் முடிந்த சில வாரங்களில், ஓவியங்களைச் செப்பனிடும் என்னைப் போன்றவர்களின் மேசைக்கு ஒரே வகையான வேலை வந்து சேரும். இம்முறை வந்தது அடர்நீலப் பின்னணி கொண்ட ஓர் அக்ரிலிக் ஓவியம். நேராகப் பார்த்தால் குறை எதுவும் தெரியவில்லை. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது, மேலிருந்து கீழ்வரை வரிசை பிசகாமல் சிறு சிறு வட்டங்கள் பளபளத்தன. அது ஓவியரின் உத்தி என்றுதான் உரிமையாளர் முதலில் நினைத்திருக்கிறார். உண்மையில் அவை, பொருட்களைப் பொதிய உதவும் காற்றுக்குமிழ் பிளாஸ்டிக் தாளான பபிள் ராப்பின் குமிழ்கள் பதித்த தடங்கள். ஏலம் முடிந்த இரவே, குமிழ்ப் பக்கம் வண்ணத்தைத் தொடும்படி இறுக்கிச் சுற்றி, டேப் ஒட்டி, காரின் பின்பெட்டியில் வைத்திருக்கிறார்கள். மறுநாள் முழுவதும் வெயிலில் நின்ற காரிலிருந்து அதை யாரும் வெளியே எடுக்கவில்லை.

“அருங்காட்சியகத்தில் இருந்தவர்கள்தானே கட்டிக் கொடுத்தார்கள்” என்றார் அவர். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அருங்காட்சியகத்தின் கூரைக்குக் கீழே இருந்தது என்பதனாலேயே ஓர் ஓவியம் அருங்காட்சியகத்தின் பராமரிப்பில் இருந்தது என்று பொருளாகிவிடாது. ஏலத்தில் எடுத்தவர்கள் மட்டுமல்லாமல், ஏலத்தை நடத்துகிறவர்களில் பலரும் இதை உணர்ந்ததாகத் தெரியவில்லை. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அருங்காட்சியகத்தின் நிரந்தரச் சேகரிப்பில் ஒரு படைப்பு சேர்கிறது என்றால், அது பதிவேட்டில் ஏறுகிறது, அதற்கு ஓர் எண் கிடைக்கிறது, அதன் முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுக்கப்படுகின்றன, கீறல் முதல் கறை வரை அனைத்தும் நிலை அறிக்கை ஒன்றில் எழுதப்படுகின்றன. அதன் பிறகு அதைத் தொடுவதற்கும், நகர்த்துவதற்கும், எந்த வெளிச்சத்தில் எத்தனை மாதம் வைக்கலாம் என்பதற்கும் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறார். ஏலத்துக்கு வரும் ஓவியமோ இந்த வாசல் வழியாக நுழைவதே இல்லை. ஓவியர்களும் நலம் விரும்பிகளும் விற்பனைக்கென்றே நன்கொடையாகக் கொடுத்த அது, பதிவேட்டில் ஏறாது. பதிவாளரின் கண்ணில் படாது. அதைக் கவனிப்பது நிதிக் குழுவும் தன்னார்வலர்களும்தான். அவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால் கதவைத் திறந்து வைத்திருப்பவர், தேநீர்க் கோப்பைகளை அடுக்குபவர், ஏலத் தொகையை எழுதும் கேட்புத்தாள்களைச் சேகரிப்பவர், இறுதியில் ஓவியத்தைக் கட்டிக் கொடுப்பவர் எல்லாம் ஒரே ஆளாக இருக்கும்போது, வண்ணத்தின் மேல் எந்தப் பக்கம் படவேண்டும் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

(இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். “அருங்காட்சியகமே தன் ஓவியங்களை விற்கிறதா?” என்று சிலர் அதிர்ச்சியுடன் கேட்கிறார்கள். சேகரிப்பிலிருந்து ஒரு படைப்பை நீக்கி விற்பது வேறு விவகாரம். அப்படி விற்றால் வரும் பணம் சேகரிப்பின் நலனுக்கே பயன்பட வேண்டும் என்று அருங்காட்சியகங்களின் பன்னாட்டு மன்றமான ஐகாமின் நெறிமுறை சொல்கிறது. மின்கட்டணத்துக்கும் குழந்தைகளின் ஓவிய வகுப்புக்கும் ஆண்டு ஏலத்தில் பணம் திரட்டுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.)

வேடிக்கை என்னவென்றால், இரண்டு வகை ஓவியங்களும் ஒரே கட்டடத்தில், சில அடி தொலைவில் தொங்குகின்றன. உள்ளறையில் இருக்கும் வாட்டர்கலருக்கு 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் படாதபடி விளக்குகளைத் தணித்து, திரை போட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை ஓய்வும் கொடுக்கிறார்கள். ஏலத்துக்கான வாட்டர்கலரோ, வருகிறவர்கள் கண்ணில் முதலில் பட வேண்டும் என்பதற்காக, முகப்புக் கூடத்தின் கண்ணாடிச் சுவருக்கு எதிரே வாரக் கணக்கில் மாட்டப்படுகிறது. நேர் வெயில் 50,000 லக்ஸைச் சாதாரணமாகத் தாண்டும். நாளுக்கு எட்டு மணி நேரம் 50 லக்ஸில் தொங்கும் ஓவியம் 125 நாட்களில் பெறுகிற வெளிச்சத்தை, அந்த வெயிலில் இருக்கும் ஓவியம் ஒரே மணி நேரத்தில் வாங்கிக்கொள்கிறது. வெளிச்சத்தால் வந்த சேதம் கூடிக்கொண்டே போகுமே தவிர, இருட்டில் வைத்தால் திரும்பி வராது. வெளிறிப்போன அலிசரின் சிவப்பையும் ஃபெல்ட் பேனாவின் ஊதாவையும் மீட்டுக் கொடுக்க என்னால் மட்டுமல்ல, எவராலும் இயலாது.

உடனே வரும் பதில், “கண்ணாடி போட்டு ஃபிரேம் செய்திருக்கிறதே” என்பது. சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத்தான் தடுக்கிறது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைக் கிட்டத்தட்ட முழுமையாக உள்ளே விடுகிறது, இல்லாவிட்டால் ஓவியத்தை நாம் பார்க்கவே முடியாது. வண்ணத்தை வெளிற வைப்பதில் அந்த வெளிச்சத்துக்கும் பெரும் பங்கு உண்டு. அது போகட்டும், ஃபிரேமின் உட்பக்கத்தைப் பாருங்கள். நன்கொடை ஓவியங்களில் பலவும் ஏலத்துக்கு முந்திய வாரத்தில் அவசர அவசரமாகச் சட்டமிடப்பட்டவை. மலிவான மரக்கூழ் அட்டையில் மவுண்ட் (ஓவியத்தைச் சுற்றி வரும், நடுவே வெட்டிய அட்டை), பின்னால் ஹார்ட்போர்டு, ஓவியத்தைப் பிடித்து நிறுத்த மாஸ்கிங் டேப் அல்லது செல்லோ டேப் என்றுதான் அவை இருக்கும். அட்டையின் அமிலம் மெல்லக் காகிதத்துக்குள் இறங்கி, மவுண்டின் வெட்டு விளிம்பை ஒட்டிப் பழுப்புக் கோடு ஒன்றை எரித்துவிடும். டேப்பின் பசை முதலில் இளகிக் காகித இழைகளுக்குள் ஊடுருவும். பிறகு மஞ்சளித்துக் கெட்டிப்படும். அந்த நிலைக்கு வந்த பிறகு அதை முழுமையாக வெளியே எடுப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். பருத்தி இழை அட்டையும், ஓவியத்தை அட்டையோடு பிணைக்க ஜப்பானியக் காகிதத்தில் கோதுமை மாவுச்சத்துப் பசை தடவிச் செய்த சிறு கீல்களும் இதற்கென்றே இருக்கின்றன. அந்தப் பசையைக் கொஞ்சம் ஈரம் காட்டினால் எடுத்துவிடலாம் என்பதற்காகவே இத்தொழிலில் இருப்பவர்கள் அதைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள்.

பாஸ்டல் ஓவியங்களைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். பாஸ்டல் என்பது காகிதத்தின் மேல் தங்கியிருக்கும் தூள். அதைப் பிடித்து வைக்கும் பசை மிகக் குறைவு. கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே இடைவெளி விடாமல் சட்டமிட்டால் தூள் கண்ணாடிக்குப் போய்விடும். எடை குறைவு, உடையாது என்று சொல்லிக் கண்ணாடிக்குப் பதில் சாதாரண அக்ரிலிக் தகடு போட்டால் இன்னும் மோசம், ஏனெனில் அந்தத் தகட்டைத் துணியால் துடைத்த மாத்திரத்தில் நிலைமின்னூட்டம் ஏறித் தூளை இழுத்துக்கொள்ளும். ஏல மாலையில் பளிச்சென்று தெரியட்டும் என்று யாரோ ஒருவர் எல்லா ஃபிரேம்களையும் துணி கொண்டு துடைத்துக்கொண்டே வருவதை நான் பார்த்திருக்கிறேன். முதியவரின் முகம் ஒன்று தீட்டப்பட்டிருந்த பாஸ்டலில், கன்னத்தின் வெளிர்சிவப்பு முழுவதும் தகட்டின் உட்பக்கத்தில் மங்கலாக அப்பியிருந்தது.

நிதிக் குழுவினரிடம் இதையெல்லாம் சொன்னால், தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்ற பாணியில் தயங்குகிறார்கள். மனமுவந்து கொடுக்கும் ஓவியரிடம் கேள்வி கேட்டால் வருத்தப்படுவாரோ என்பது அவர்கள் கவலை. கேட்டால் வருத்தப்படும் ஓவியரை நான் இதுவரை சந்திக்கவில்லை. தன் ஓவியம் சேதமான பிறகு வருத்தப்பட்டவர்களையே சந்தித்திருக்கிறேன். ஓவியத்தைப் பெற்றுக்கொள்ளும்போதே அது எந்த ஊடகத்தில் தீட்டப்பட்டது, எப்போது முடிந்தது, மேலே வார்னிஷ் பூசப்பட்டதா, சட்டமிட்டவர் என்ன அட்டை பயன்படுத்தினார் என்று எழுதி வாங்குங்கள். கைப்பேசியில் முன்னும் பின்னும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அச்சுப் படைப்பு என்றால் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் நகலை மூலப்படைப்பு என்று நினைத்துக் கேட்பை ஏற்றிவிட்டுப் பிறகு வந்து சண்டை போடுபவர்களும் உண்டு, அந்தச் சண்டையில் என்னைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

எண்ணெய் வண்ணம் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஏலத்துக்காகவே தீட்டி முடித்துக் கொண்டு வரப்படும் எண்ணெய் ஓவியம் தொட்டால் உலர்ந்ததுபோல் இருக்கும். எண்ணெய் வண்ணம் நீர் ஆவியாகி உலர்வதில்லை. காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுகிறது. தடிப்பாகப் பூசிய இடங்கள் மேலே தோல் கட்டி உள்ளே மாதக் கணக்கில் ஈரமாகவே இருக்கும். அந்தத் தோலின் மேல் கட்டைவிரல் ஒருமுறை அழுந்தினால் போதும். அத்தகைய ஓவியத்தை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவையுங்கள், அல்லது உலரும்வரை ஓவியரிடமே இருக்கட்டும் என்று எழுதி, அதன் படத்தை வைத்து ஏலம் விடுங்கள்.

அக்ரிலிக்கோ இதற்கு நேர்மாறாக ஏமாற்றும். அரை மணி நேரத்தில் உலர்ந்துவிடுகிறதே, பிறகென்ன என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 1950களின் நடுப்பகுதியில்தான் நீர் கலந்து தீட்டும் அக்ரிலிக் வண்ணங்கள் ஓவியர்களின் கைக்குக் கிடைத்தன. எண்ணெய் ஓவியத்தைக் கையாண்டு பல நூற்றாண்டுகளாகச் சேர்த்த அனுபவம் இதற்குப் பொருந்தாது. அக்ரிலிக் படலம் நெகிழ்மையுள்ள பிளாஸ்டிக். நாம் வசதியாக உட்கார்ந்திருக்கும் வெப்பத்திலேயே அது மென்மையாகத்தான் இருக்கிறது. சூடு ஏறினால் பிசுபிசுக்கும், கடுங்குளிரில் விறைத்து வெடிக்கும். வெயிலில் நிற்கும் காரின் உட்பக்கம் 50 டிகிரி செல்சியஸை எளிதில் தாண்டுகிறது. அங்கே இறுக்கிக் கட்டிய பபிள் ராப் தன் குமிழ்களை அந்த மென்படலத்தில் அச்சாகப் பதித்துவிடுகிறது. அதை அகற்ற நினைத்தால், கரைப்பான்கள் வண்ணத்தையே வீங்கச் செய்யும், வெறும் தண்ணீரும் படலத்திலிருந்து சில சேர்மங்களை வெளியே இழுத்துவிடும். நீல ஓவியத்தின் வட்டங்களைச் சற்று மங்கச் செய்ய முடிந்தது, அவ்வளவுதான்.

மௌன ஏலம், அதாவது கூவாமல் தொகையைத் தாளில் எழுதிக் கேட்கும் ஏலம், நடத்துபவர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். கேட்புத்தாளை ஓவியத்துக்குக் கீழேயே ஒட்டி, பக்கத்தில் கயிற்றில் பால்பாயிண்ட் பேனாவைத் தொங்கவிடும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கடைசிப் பத்து நிமிடப் பரபரப்பில் ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து எழுதும்போது, பேனா மவுண்டில் கோடு போடுகிறது. தாள் வழுக்கினால் அதே பேனா கேன்வாஸையும் தொடுகிறது. ஆய்வு அறைகளில் அருங்காட்சியகங்கள் பென்சிலை மட்டும் அனுமதிப்பது சும்மா இல்லை. மேசையைக் கூடத்தின் நடுவில் போட்டுப் பென்சில்களை வையுங்கள், பானங்களுக்கான மேசையை இன்னொரு கோடியில் வையுங்கள். ஏல எண்ணை ஒட்டும் ஸ்டிக்கரைச் சுவரில் ஒட்டுங்கள்; ஓவியத்தின் பின்பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

ஏலம் எடுப்பவர்களே, நீங்கள் கொடுக்கும் தொகையில் ஒரு பகுதி நன்கொடை என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஆனால் நன்கொடை கொடுக்கிறோம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்த வேண்டியதில்லை. முன்பார்வைக்கென்று ஒதுக்கிய நேரத்தில் போங்கள். பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்து மேற்பரப்பைப் பாருங்கள். அன்றிரவே எடுத்துப் போக வேண்டும் என்று கட்டாயமா என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு நாள் கழித்து வரலாம் என்றுதான் சொல்வார்கள். கண்ணாடி போட்ட ஓவியமானால், கண்ணாடி உடைந்தாலும் சில்லுகள் காகிதத்தைக் கிழிக்காதிருக்க, அதன்மேல் குறுக்கும் நெடுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள் (அக்ரிலிக் தகட்டில் ஒட்டாதீர்கள்). பாஸ்டலை மட்டும் முகம் மேலே இருக்கும்படி படுக்கவைத்து எடுத்துச் செல்லுங்கள். மற்றவற்றை நிமிர்த்தி வையுங்கள். சட்டமில்லாத கேன்வாஸானால், முகத்தைத் தொடாமல் நான்கு மூலைகளிலும் அட்டைத் துண்டுகளைக் கொடுத்து, அவற்றின் மேல் பெரிய அட்டை ஒன்றை வைத்துக் கட்டச் சொல்லுங்கள். பபிள் ராப் அதற்கும் வெளியே, குமிழ்கள் வெளிப்புறம் பார்க்கும்படி வரட்டும். வழியில் காரை வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

வீடு சேர்ந்ததும் கட்டைப் பிரித்துவிடுங்கள். அக்ரிலிக்கில் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டிருந்தால் உடனே உரிக்காதீர்கள். குளிர்ந்த அறையில் சில மணி நேரம் கிடையாக வைத்துவிட்டு, ஒரு மூலையை மட்டும் மெல்லத் தூக்கிப் பாருங்கள். வண்ணமும் கூடவே வருவதுபோல் தோன்றினால் அத்தோடு நிறுத்திவிட்டு, கட்டு எப்படி இருக்கிறதோ அப்படியே ஓவியச் சீரமைப்பாளர் ஒருவரிடம் கொண்டு செல்லுங்கள். ஈரத்துணி, சோப்பு நீர், ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். உரித்தெடுத்த பிளாஸ்டிக்கோடு போய்விட்ட வண்ணச் செதில்களைத் தனியாக ஓர் உறையில் போட்டுக் கொண்டு வருபவர்களும் உண்டு. அவற்றை மீண்டும் உரிய இடத்தில் பொருத்துவது, வட்டங்களை மங்கச் செய்வதைவிட எத்தனையோ மடங்கு கடினமான வேலை.