தாமரைக் கிழங்குக்கு மூச்சு எங்கிருந்து வருகிறது?

நூறாண்டு பழைய அமெரிக்க நர்சரி விலைப்பட்டியல்களை இணையத்தில் புரட்டிப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "தாமரை வளர்க்கப் பாதியாக அறுத்த பீப்பாயில் ஓர் அடி உயரத்துக்கு மண் போடு, அதில் மூன்றில் ஒரு பங்கு மாட்டுச் சாணம் இருக்கட்டும், மேலே தண்ணீர் நிரப்பு என்கிறார்கள். சாணம், சேறு, தண்ணீர் மூன்றும் மூடிய இடத்தில் காற்றே இருக்காதே. ரோஜாத் தொட்டியில் நாலு நாள் தண்ணீர் தேங்கினாலே வேர் அழுகிவிடுகிறது. தாமரைக் கிழங்கு மட்டும் எப்படித் தப்பிக்கிறது?"

மிக நல்ல கேள்வி. அந்தப் பட்டியல்களில் இதற்கு விடை கிடையாது. செய்முறை மட்டும்தான் இருக்கும். ஆனால் அந்தச் செய்முறைகள் ஒவ்வொன்றும் பல செடிகளைச் சாகக் கொடுத்துக் கற்றவை. காரணம் பின்னால்தான் தெரியவந்தது.

நீர்ச்செடி வணிகம் அமெரிக்காவில் சூடு பிடித்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். நியூ ஜெர்சியின் போர்டன்டவுனில் எட்மண்ட் ஸ்டர்டவன்ட் தாமரையைத் திறந்த குளத்தில் வளர்த்து, அந்த ஊர்க் குளிரையும் அது தாங்கும் என்று காட்டி, கிழங்கு விற்றார். பிலடெல்பியாவில் 1838இல் தொடங்கிய ஹென்றி ட்ரியர் நிறுவனம் ரிவர்டனில் அல்லிக் குளங்களே வெட்டி வைத்திருந்தது. அங்கே பணிபுரிந்த வில்லியம் டிரிக்கர் 1897இல் நீர்த் தோட்டத்துக்கென்றே ஒரு நூல் எழுதினார். பிரான்ஸில் லத்தூர்-மார்லியாக் 1875இல் தொடங்கிய பண்ணையிலிருந்து வண்ண அல்லிகள் உலகெங்கும் போயின. ஓவியர் மோனே 1894இல் தன் குளத்துக்கு அல்லி வாங்கியதும் அங்கிருந்துதான். நம்முடைய தாமரை இந்தப் பட்டியல்களில் "எகிப்தியத் தாமரை" என்ற பெயரில் விற்பனையானது. பெயர் தவறு. பழைய எகிப்தியர் கோயில் சுவர்களில் வரைந்த பூ அல்லி இனத்தைச் சேர்ந்தது. தாமரை ஆசியாவிலிருந்து பிற்காலத்தில் அங்கே போனது. தாவரவியலில் அல்லிக்கும் தாமரைக்கும் நெருங்கிய உறவுகூட இல்லை.

விதை பற்றிய ஒரு குறிப்பைப் பார்த்துவிட்டு கேள்விக்கு வருவோம். தாமரை விதையை அரத்தால் தேய்த்துப் போடச் சொல்வார்கள். கறுத்த ஓட்டில் நீர் புகாத செல் அடுக்கு ஒன்று இருக்கிறது. அது உடையாதவரை விதை தூங்கிக்கொண்டே இருக்கும். வடகிழக்குச் சீனாவில் வறண்ட ஏரிப் படுகையில் கிடைத்த ஏறத்தாழ 1,300 ஆண்டு வயதான விதையைத் தேய்த்து ஊறவைத்து முளைக்கச் செய்ததை 1995இல் வெளியிட்டார்கள். ஓடு தேய்ந்து உள்ளே வெளிர்மஞ்சள் தெரிந்தவுடன் நிறுத்த வேண்டும். பருப்பில் அரம் பட்டால் அழுகும். 25 முதல் 30 டிகிரி வெப்பமுள்ள நீரில் போட்டுத் தினமும் நீரை மாற்றினால் ஒரு வாரத்துக்குள் முளைவிடும். இதற்கு நேர்மாறு அமேசானின் ராட்சத அல்லியான விக்டோரியா. அதன் விதை காய்ந்தால் செத்துவிடும். 1846இல் ஈரக் களிமண்ணில் புதைத்து லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவற்றில் இரண்டே முளைத்தன, அவையும் பிழைக்கவில்லை. 1849இல் சுத்தமான நீர் நிரப்பிய குப்பிகளில் வந்த விதைகள்தான் வெற்றி தந்தன. அந்த ஆண்டு நவம்பரிலேயே இங்கிலாந்தின் சாட்ஸ்வர்த் மாளிகைத் தோட்டத்தில் ஒரு செடி பூத்துவிட்டது. தாமரை விதையைத் தாளுறையில் போட்டு அனுப்பலாம், விக்டோரியா விதையை நீருக்குள் வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்ற வேறுபாடு இப்படித்தான் பிறந்தது.

இனி காற்று. சேற்றின் மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் கீழே போனாலே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். சாணத்தைத் தின்னும் பாக்டீரியாக்கள் அதை முதலில் காலி செய்துவிடுகின்றன. மேலேயிருந்து புதிதாக இறங்கவும் வழியில்லை. ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீரில் பரவும் வேகம் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ரோஜா வேர் சாவது இதனால்தான். தாமரைக்கு வேறு வழி உண்டு. தாமரைத் தண்டு வற்றல் பொரித்திருப்பவர்கள் அந்த வழியைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். வற்றலில் வட்டமாக இருக்கும் ஓட்டைகள் காற்றுக் குழாய்கள். கிழங்கிலிருந்து இலைக்காம்பு வழியாக இலைவரை அவை தொடர்ந்து ஓடுகின்றன.

ஓட்டை இருப்பதால் மட்டும் காற்று இறங்கிவிடாது. ஒன்றரை மீட்டர் நீளக் காம்பைக் கடந்து, சேற்றுக்குள் படர்ந்து கிடக்கும் கிழங்கு முழுவதற்கும் தானாகப் பரவும் காற்று போதவே போதாது. யாராவது ஊத வேண்டும். ஊதுவது இலை. பம்பு இல்லை, அசையும் உறுப்பு எதுவும் இல்லை, ஆனாலும் ஊதுகிறது. தாவர உலகில் இதைவிட நேர்த்தியான பொறி எனக்குத் தெரிந்து இல்லை. ஆகவே இதைச் சற்று நிதானமாகவே பார்ப்போம்.

இலைக்குள் இருக்கும் காற்றறைகளின் சுவர்கள் எப்போதும் ஈரமானவை. எனவே உள்ளே இருக்கும் காற்று நீராவி நிறைந்து செறிவுற்றிருக்கும். 30 டிகிரியில் செறிவுற்ற நீராவியின் அழுத்தம் 4.2 கிலோபாஸ்கல். வெளிக்காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடு என்றால் அங்கே நீராவியின் பங்கு 2.1 தான். மொத்த வளிமண்டல அழுத்தம் 101.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து 99.2. உள்ளேயும் மொத்தம் அதே 101.3 ஆக இருந்தால் அவற்றின் பங்கு 97.1 தான், மீதி இடத்தை நீராவி பிடித்துக்கொண்டது. ஆக, வெளியே மிகுதி, உள்ளே குறைவு. மிகுதியான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு வளி பரவும் என்பது பள்ளிப்பாடம். நைட்ரஜனும் ஆக்சிஜனும் உள்ளே நுழைகின்றன. நீராவியும் அதே போல வெளியே கசிகிறது. ஆனால் போன நீராவிக்கு ஈடாக ஈரச் சுவரிலிருந்து உடனே புதிய நீராவி கிளம்பிவிடுகிறது. உள்ளே வருவது வந்துகொண்டே இருக்கிறது, வெளியே போவது உடனுக்குடன் நிரப்பப்படுகிறது. அதனால் உள்ளே மொத்த அழுத்தம் வெளியைவிட உயர்கிறது.

உயர்ந்த அழுத்தம் வந்த வழியே வெளியேறிவிடாதா? சாதாரண இலையில் வெளியேறிவிடும். தாமரை இலையிலோ காற்று நுழையும் தடுப்பின் நுண்துளைகள் 0.1 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. காற்றின் ஒரு மூலக்கூறு இன்னொன்றோடு மோதாமல் போகும் சராசரித் தொலைவு ஏறத்தாழ 0.07 மைக்ரோமீட்டர். துளையும் அதே அளவில் இருப்பதால், மூலக்கூறுகள் கூட்டமாகத் தள்ளிக்கொண்டு வெளியேற முடியாது. ஒவ்வொன்றும் தனித்தனியே சுவரில் மோதி மோதித்தான் கடக்க வேண்டும். தனித்தனியாகப் பரவுவதற்கு வழி உண்டு, மொத்தமாக ஓடுவதற்குத்தான் வழி இல்லை. துளை பத்து மடங்கு பெரிதாக இருந்தால் அழுத்தம் நிற்காது. பத்து மடங்கு சிறிதாக இருந்தால் போதிய காற்று நுழையாது. இரண்டுக்கும் நடுவே சரியான அளவைப் பரிணாமம் பிடித்து வைத்திருக்கிறது. வெயிலில் இலை வெளிக்காற்றைவிடச் சூடாவதும் இந்த அழுத்தத்தைக் கூட்டும்.

மேலே சொன்ன கணக்கின்படி அதிகபட்சம் 2.1 கிலோபாஸ்கல் எழலாம், அதாவது 21 சென்டிமீட்டர் நீர்மட்ட உயரம். கசிவு இருப்பதால் உண்மையில் அதைவிடக் குறைவாகவே எழும். அதுவே போதும். மஞ்சள் நீரல்லியை மிச்சிகனில் ஆராய்ந்த ஜான் டேசி 1980இல் வெளியிட்ட அளவீட்டில், ஒற்றை இலையிலிருந்து கிழங்குக்கு நாளொன்றுக்கு 22 லிட்டர்வரை காற்று இறங்கியது. அதில் இளம் இலைகள் ஊதுகின்றன. முதிர்ந்த இலைகளின் துளைகள் தளர்ந்துவிடுவதால் அவற்றில் அழுத்தம் நிற்பதில்லை. இளம் இலையில் புகுந்த காற்று கிழங்கைச் சுற்றிவிட்டு முதிர்ந்த இலை வழியே வெளியேறுகிறது. போகும்போது சேற்றில் உண்டான கரியமில வாயுவையும் மீத்தேனையும் கூட்டிக்கொண்டு போகிறது.

தாமரை இன்னும் ஒரு படி மேல். காற்று வெளியேறும் வாசலை ஒவ்வோர் இலையின் நடுவிலும் வைத்திருக்கிறது. இலையின் நடுவே, காம்பு சேரும் இடத்துக்கு நேர் மேலே, வெளிறிய சிறு வட்டம் தெரியும். அங்கே இருக்கும் இலைத்துளைகள் மற்ற இடங்களில் இருப்பவற்றைவிடப் பெரியவை. காம்புக்குள் இரண்டு ஜோடிக் குழாய்கள் தனித்தனியே ஓடுகின்றன. பெரிய ஜோடி இந்த வட்டத்துக்குக் கீழே வந்து திறக்கிறது. இலைப்பரப்பில் புகுந்த காற்று கிழங்குக்கு இறங்கி, திரும்பி வந்து, இந்த வாசல் வழியே வெளியேறுகிறது. ஆஸ்திரேலியாவின் பிலிப் மேத்யூசும் ரோஜர் சீமோரும் இந்த வாசல் எப்போதும் திறந்தே கிடப்பதில்லை என்று 2014இல் காட்டினார்கள். காலையில் திறந்திருக்கும், நண்பகலில் மூடும், பிற்பகலில் மறுபடி திறக்கும். மூடும் நேரத்தில் காம்புக்குள் காற்று ஓடும் திசையே மாறுகிறது. இலைத்துளை என்றால் நீராவியையும் கரியமில வாயுவையும் கட்டுப்படுத்துவது என்றே படித்திருக்கிறோம். இங்கே அது காற்றோட்டத்தின் அடைப்பிதழாக வேலை செய்கிறது.

இந்தக் காற்றோட்டத்தை முதலில் கவனித்து எழுதியவர் பிரான்ஸின் மோன்பெல்லியே நகரத் தாவரவியலாளர் ரஃபெனோ-தெலீல், ஆண்டு 1841. தாமரை இலையின் நடுவில் தேங்கிய நீரில் குமிழ்கள் எழுவதை அவர் பார்த்தார். அங்கிருந்து டேசியின் அளவீட்டுக்கு ஏறத்தாழ 140 ஆண்டுகள். இலையில் எழும் குமிழைப் பார்க்கப் பணம் கொடுங்கள் என்று கேட்டால் எந்த நிதிக்குழுவும் எளிதில் இசையாது. ஆனால் சதுப்பு நிலங்களிலிருந்து எவ்வளவு மீத்தேன் வெளியேறுகிறது என்று கணக்கிட இன்று இந்த அறிவு வேண்டியிருக்கிறது. உடனடிப் பயன் என்ன என்ற ஒரே கேள்வியோடு ஆய்வுநிதியைப் பங்கிடுவது தவறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். அமெரிக்க தேசிய வேளாண் நூலகம் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பழைய விலைப்பட்டியல்களைச் சேர்த்து வைத்திருப்பதையும் அப்படித்தான் பார்க்கிறேன். எந்தச் செடி எந்த ஆண்டு எங்கே விற்பனைக்கு வந்தது என்பதற்கு அவையே சாட்சி. ஆகாயத் தாமரையையும் அழகுச் செடி என்று அந்தக் காலத்தில் விற்றார்கள். காற்றடைத்த திசுவால் மிதக்கும் அந்தச் செடி புளோரிடாவின் ஆறுகளை அடைத்தது. அதை அகற்ற 1899இல் அமெரிக்க நாடாளுமன்றமே சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. நம் ஏரிகளில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இலை ஊதும் பொறி புரிந்துவிட்டால் பழைய செய்முறைகள் எல்லாம் தெளிவாகிவிடும். கிழங்கைக் கிடையாக வைத்து, முனைக்குருத்து மட்டும் மண்ணுக்கு வெளியே தெரியவிட வேண்டும். அந்தக் குருத்து ஒடிந்தால் அந்தக் கிழங்கு பெரும்பாலும் தேறாது. முதல் இலை வெளிவரும்வரை கிழங்கு சேமிப்பை வைத்துத்தான் உயிர் வாழ்கிறது, ஊதுவதற்கு இன்னும் ஆளில்லை. ஆகவே தொடக்கத்தில் மண்ணுக்கு மேல் 10 சென்டிமீட்டர் நீர் போதும். இலைகள் உயர உயர 30 சென்டிமீட்டர்வரை கூட்டலாம். எடுத்த எடுப்பில் ஆழத்தில் போட்டால் மிதக்கும் முதல் இலை மேலே வருவதற்குள் சேமிப்பு தீர்ந்துவிடும். சாணம் நன்றாக மக்கியதாக இருக்க வேண்டும். பச்சைச் சாணம் நீருக்கடியில் புளித்து, அழுகிய முட்டை நாற்றத்தைக் கிளப்பும். அந்த வாயு இளம் வேருக்கு நஞ்சு. மண்ணுக்கு மேல் ஓர் அங்குலம் மணல் பரப்பினால் சாணம் மிதந்து நீர் கலங்காது. தொட்டியை எந்தத் திசையில் வைத்தால் செல்வம் வரும் என்று வாஸ்து பார்த்து நிழலான மூலையில் வைப்பவர்களுக்குப் பூ வராது. நாளுக்கு ஆறு மணி நேர வெயில்தான் திசை.

மஞ்சளான இலையை எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே அறுக்க வேண்டும். நீருக்கடியில் அறுத்தால் காம்புக் குழாய் வழியே நீர் கிழங்குக்குள் இறங்கும். காற்று ஓடிய இடத்தில் நீர் நின்றால் ஆக்சிஜன் வரத்து பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடும், அந்தக் கணுவிலிருந்து அழுகல் தொடங்கும். இலைகளை ஒரேயடியாகக் கழிக்கவும் கூடாது.

இன்னொன்று: "நீலத் தாமரை விதை" என்று இணையத்தில் விற்பதை வாங்காதீர்கள். தாமரையில் நீல நிறம் இல்லை. நீலம் குவளைக்கு உரியது, அது அல்லி இனம்.

தெலீல் பார்த்ததை நீங்களும் பார்க்கலாம். நீர்மட்டத்துக்கு மேலே எழுந்து நிற்கும், கிழியாத, விரிந்து ஓரிரு நாளான தாமரை இலை வேண்டும். வெயில் ஏறிய காலை ஒன்பது மணிவாக்கில் அதன் நடுக்குழியில் இரண்டு மேசைக்கரண்டி நீர் ஊற்றுங்கள். வெளிறிய வட்டம் முழுவதும் மூழ்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் நடுவிலிருந்து குமிழ்கள் வரிசையாக எழும். இலை கிழிந்திருந்தால் அழுத்தம் கசிந்துவிடும், குமிழ் வராது. மழை நாளில் வெளிக்காற்றும் ஈரமாக இருப்பதால் குறைவாகவே வரும். உச்சி வெயிலில் ஊற்றி ஒன்றும் வரவில்லை என்றால் ஏமாற வேண்டாம், அப்போது வாசல் மூடியிருக்கும். நான்கு மணிக்கு மறுபடி ஊற்றிப் பாருங்கள்.