பேருண்ணி அல்ல, பெருவிழுங்கணு

கறவை மாடு வளர்ப்போருக்கான ஒரு கையேட்டின் மெய்ப்பு போன மாதம் என்னிடம் வந்தது. தைலேரியா நோயைப் பற்றிய பக்கத்தில் இப்படி ஒரு வரி: "உண்ணிகள் பரப்பும் இந்த ஒட்டுண்ணி, மாட்டின் பேருண்ணிகளுக்குள் புகுந்து பெருகி, பின்னர் சிவப்பணுக்களை அழிக்கிறது." கிருமிகளை விழுங்கி அழிக்கும் பெரிய வெள்ளையணுவான மேக்ரோஃபேஜ் என்பதற்குப் பேருண்ணி என்று எழுதுவதை எத்தனையோ இடத்தில் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்திருக்கிறேன். இந்த முறை கடக்க முடியவில்லை. ஐந்து மாடு வைத்திருக்கும் என் அத்தையிடம் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டது: "அப்ப பெரிய உண்ணியாப் பாத்துப் பிடுங்கிப் போட்டாப் போதுமா சாமி? சிறுசு ஒண்ணும் பண்ணாதா?"

சிறுசு பண்ணும். சிவப்பணுக்களை உடைக்கும் இன்னொரு மாட்டு நோயான பபேசியாவில் ஒரு வகையைப் பரப்புவதே, கண்ணில் சட்டென்று படாத இளம் உண்ணிகள்தான். ஒரு மொழிபெயர்ப்புச் சொல் மாட்டுக்காரரை நேர் எதிரான முடிவுக்குக் கொண்டுபோகிறது என்றால் அதை விட்டுவைக்கலாமா?

முதலில் மூலச்சொல். கிரேக்கத்தில் மக்ரோஸ் என்றால் நெடிய, பெரிய. ஃபாகெய்ன் என்றால் தின்னுதல். ரஷ்ய அறிவியலாளர் மெச்னிக்கோஃப் 1882-இல் இத்தாலியின் மெசினாவில், கண்ணாடிபோல் இருக்கும் நட்சத்திர மீன் இளவுயிரிக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்தன. அவற்றுக்கு ஃபாகோசைட், அதாவது தின்னும் அணு, என்ற பெயரைச் சொன்னவர் வியன்னாவில் இருந்த விலங்கியலாளர் கிளவுஸ். அவற்றில் பெரியது மேக்ரோஃபேஜ். 1908-இல் மெச்னிக்கோஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெயர் பிறந்த கதை இவ்வளவுதான்.

பேருண்ணியை ஆதரிப்பவர்கள் சொல்லும் வாதம் எனக்குத் தெரியும். உண் என்ற வினையோடு இகரம் சேர்ந்தால் உண்ணி, உண்பது என்று பொருள். தாவர உண்ணி, ஊன் உண்ணி என்று பள்ளிப் பாடத்திலேயே படிக்கிறோமே, அங்கே யாருக்கும் மாட்டின் காதில் தொங்கும் உண்ணி நினைவுக்கு வருவதில்லையே என்பார்கள். இலக்கணம் சரி. ஆனால் அந்தச் சொற்களின் முன்பாதியைக் கவனியுங்கள். தாவர உண்ணி என்றால் தாவரத்தை உண்பது. ஊன் உண்ணி என்றால் ஊனை உண்பது. எதை உண்கிறது என்று முன்பாதி சொல்லிவிடுகிறது. ஒட்டுண்ணி என்றால் ஒட்டிக்கொண்டு உண்பது. எப்படி உண்கிறது என்று சொல்கிறது. பேருண்ணியில் முன்னால் நிற்பது அளவு மட்டும். அளவைக் குறிக்கும் அடை வந்ததும் பின்னால் இருக்கும் உண்ணி முழுப் பெயர்ச்சொல்லாகிவிடுகிறது. அதாவது பெரிய உண்ணி. பேராறு, பேரூர் போலத்தான் இதையும் காது வாங்கும். அத்தை தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. தமிழ் எப்படிச் சொல்கிறதோ அப்படியே புரிந்துகொண்டார். ரத்தம் குடித்துக் கொட்டைமுத்து அளவுக்கு உப்பிய உண்ணிகளை மடியிடுக்கிலும் வாலடியிலும் தினமும் விரலால் தேடுகிறவருக்குப் பெரிய உண்ணி என்பது கையில் பிசுபிசுக்கும் ஒரு பொருள்.

அதைவிடப் பெரிய குறை, பகையும் காவலும் ஒரே குடும்பப் பெயரோடு நிற்பது. மலேரியாவை எடுத்துக்கொள்வோம். 1880-இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு மருத்துவர் லவரான் கண்டுபிடித்த அந்தக் கிருமி ஓர் ஒட்டுண்ணி. சிவப்பணுவுக்குள் புகுந்து, அதன் ஹீமோகுளோபினைத் தின்று, வகையைப் பொறுத்துப் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அதை எதிர்கொள்வது வெள்ளையணுக்கள். ரத்தத்தில் மோனோசைட்டாக ஓடி, திசுக்களில் குடியேறியதும் மேக்ரோஃபேஜ் ஆகும் அணுக்கள் மண்ணீரலில் காத்திருக்கின்றன. அங்குள்ள குறுகிய இடுக்குகள் வழியே வளைந்து நுழைய முடியாத சிவப்பணுவைப் பிடித்து விழுங்குகின்றன. நோய் தொற்றாத சிவப்பணுக்களும் ஏராளமாகச் சேர்ந்து போவதால்தான் ரத்தசோகை அவ்வளவு கடுமையாகிறது. மண்ணீரலும் வீங்குகிறது. ஆங்கிலேயர் காலத்தில் ஊர்க் குழந்தைகளின் வயிற்றைத் தொட்டு, எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று எண்ணித்தான் அங்கே மலேரியா எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணித்தார்கள். இத்தனையையும் 'பேருண்ணி ஒட்டுண்ணியை உண்கிறது' என்று எழுதினால் யார் யாரை உண்டார்கள் என்று எந்த மாணவருக்குப் புரியும்?

ஃபாகோசைட்டுக்கு நான் சொல்வது விழுங்கணு. அதில் பெரியது பெருவிழுங்கணு. உண்பதும் விழுங்குவதும் ஒன்றல்ல. இந்த அணுவுக்கு வாயும் இல்லை, பல்லும் இல்லை. உடலையே கைபோல நீட்டி, பிடித்ததை நாலாபுறமும் சூழ்ந்து, முழுசாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. செரிப்பது அதற்குப் பிறகு நடக்கும் வேலை, சில சமயம் நடக்காமலும் போகிற வேலை. மலேரியா நோயாளியின் ரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்த்தால் சில வெள்ளையணுக்களுக்குள் பழுப்புக் கருமையில் பொடிப்பொடியாகத் துகள்கள் தெரியும். ஹீமோகுளோபினைத் தின்ற ஒட்டுண்ணி மிச்சம் வைத்த ஹீமோசோயின் அது. விழுங்கணு அதை விழுங்கிவிட்டது, செரிக்க முடியவில்லை. அதைச் சுமக்கும் அணுவால் மேற்கொண்டு சரியாக விழுங்க முடிவதில்லை என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. இந்த நுட்பத்தை உண்ணி என்ற சொல் தாங்காது. விழுங்கு என்ற வினைக்குள் அது ஏற்கெனவே இருக்கிறது.

இலங்கைப் பாடநூல்களில் ஃபாகோசைட்டுக்கு வரும் தின்குழியம் என்ற சொல்லையும் மதிக்கிறேன். ஃபாகோசைட்டின் பின்பாதியான சைட் என்பதற்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்கு உள்ளீடற்ற கலம் என்று பொருள். குழியம் அதற்கு அழகாகப் பொருந்துகிறது. செங்குழியம், வெண்குழியம், தின்குழியம் என்று ஒரே வரிசையாகவும் நிற்கிறது. அங்கே படித்தவர்கள் அதை விட வேண்டியதே இல்லை. இந்த அணுக்கள் விழுங்கும் செயலைக் குறிக்கும் 'செல் விழுங்குதல்' என்ற வழக்கைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. செல் விழுங்குகிறதா, செல்லை விழுங்குகிறதா? மலேரியாவில் இரண்டுமே நடக்கும் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது.

மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. அகராதியில் வேரைப் பார்க்கிறார்கள். அதே பக்கத்தில் பக்கத்து வரியில் என்ன சொல் நிற்கிறது என்று பார்ப்பதில்லை. நல்ல தமிழ்ச்சொல் கிடைக்காதபோது மேக்ரோஃபேஜ் என்றே எழுதினாலும் எனக்குச் சம்மதம். தெரியாத சொல் என்றால் வாசகர் நின்று கேட்பார். தெரிந்த சொல் தப்பான இடத்தில் நின்றால் கேட்காமலே தப்பாகப் புரிந்துகொண்டு போய்விடுவார். இதே அலட்சியம்தான் 'வெள்ளையணு கூடினால் தொற்று' என்று பொத்தாம்பொதுவாக எழுதவைக்கிறது. மலேரியாவில் மொத்த வெள்ளையணு எண்ணிக்கை பெரும்பாலும் இயல்பாகவோ குறைவாகவோ இருக்கும். சோதனைத் தாளில் எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று நிம்மதியடைகிற வாசகருக்கு யார் பொறுப்பு?

கையேட்டில் அந்த வரியை இப்படி மாற்றினேன்: "உண்ணி கடிக்கும்போது ஒட்டுண்ணி மாட்டின் உடலுக்குள் போகிறது. கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய பெருவிழுங்கணுக்களுக்குள்ளேயே அது குடிபுகுந்து பெருகுகிறது. முன்தோள் பக்கம் நெறி கட்டும். பிறகு அது சிவப்பணுக்களுக்குள் நுழைகிறது." அத்தை கேட்டுவிட்டு, "முழுங்குறதுக்கு உள்ளாறயே போய் உக்காந்துக்குதா?" என்றார்.

அச்சாகி வந்த கையேட்டில் வரி மாறியிருக்கிறது. படத்துக்குக் கீழே மட்டும் பேருண்ணி அப்படியே இருக்கிறது. அடுத்த அச்சுக்குத் திருத்தம் எழுதி அனுப்பியிருக்கிறேன்.